எந்த வாசல் வழியாகப் போவது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். எதிர்வீட்டு நர்ஸம்மா ஒரு கத்தைக் காகிதத்தோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அவரை உங்களுக்கு முதலில் அறிமுகப்படுத்திவிட வேண்டும். எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் ‘நர்ஸம்மா’தான். பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்தவர். பதினான்கு வருஷமாகப் பிரசவ வார்டு. வயது முப்பத்தொன்பது, வருகிற தை மாதம் நாற்பது நிறைகிறது. கணவர் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிற இரண்டு குழந்தைகள். மாமனார் பத்திரப் பதிவு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே உலகத்தை நடத்தி வருகிறவர்.

“ஏம்மா, நீ பத்திரிகைக்காரிதானே? ஆஸ்திரேலியாவுக்கு மருத்துவச்சியாகப் போக எந்த விஸா நல்லதென்று சொல்லேன்” என்றார். ரவா தோசைக்கு எந்த ரவை நல்லதென்று கேட்கிற தொனியில்தான் கேட்டார்.

காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். ஒரு ஏஜெண்டின் கடிதம். 482 என்ற எண்ணுள்ள விஸா தயார். ஸ்பான்ஸர் செய்ய முதலாளி தயார். முதலாளிக்குச் சேரவேண்டிய தொகையில் முதல் தவணை வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். தொகையைப் படித்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

“இவ்வளவு பணத்துக்கு எங்கே போவீர்கள், அக்கா?”

“வீட்டுப் பத்திரம் இருக்கிறதே” என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதைத் துடைத்தபடியே, “வெள்ளிக்கிழமை வரையில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்குள் நான் படித்துச் சொல்கிறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று ராத்திரி ஆஸ்திரேலிய சர்க்காரின் இணையத்தளங்களைப் புரட்டினேன். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு நர்ஸ் பெண்ணோ மருமகளோ இருக்கலாம். படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆச்சரியம், விஸா விஷயமே இரண்டாவது என்பது. முதல் விஷயம் பதிவு.

நம் நாட்டில் பி.எஸ்ஸி. நர்ஸிங்கோ, பொது நர்ஸிங்-மருத்துவச்சி டிப்ளமாவோ முடித்தவர் மாநிலக் கவுன்ஸிலில் நர்ஸ் என்றும் மருத்துவச்சி என்றும் சேர்த்தே பதிவாகிறார். நம் மாகாணத்தில் 1926-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்தே இரண்டு பெயரும் ஜோடியாகத்தான் வருகின்றன. ஆஸ்திரேலியாவில் அப்படியில்லை. அங்கே மருத்துவச்சி என்பது தனித் தொழில். நர்ஸாகாமலே நேராக அந்தப் படிப்பைப் படித்து வருகிறவர்கள் உண்டு. பதிவேடும் வேறு வேறு. 2010-லிருந்து நாடு முழுவதற்கும் ஒரே பதிவு முறை. ‘ஆப்ரா’ என்ற அமைப்பின் துணையோடு நர்ஸிங்-மருத்துவச்சி வாரியம் அதை நடத்துகிறது. நர்ஸ் என்று பதிவானவர் மருத்துவச்சி என்று சொல்லிக்கொண்டு பிரசவம் பார்க்க முடியாது. நம்மூர்ச் சான்றிதழில் இரண்டு பெயரும் இருப்பதால் அங்கேயும் இரண்டாகக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தால் ஏமாற்றந்தான்.

வெளிநாட்டில் படித்தவர்களை அந்த வாரியம் மூன்று வகையாகப் பிரிக்கிறது. படிப்பு அவர்களுடையதற்குச் சமம் என்று தேறினால் நேரே பதிவுக்குப் போகலாம். ஒத்த படிப்புத்தான், ஆனால் சமமில்லை என்றால் பரீட்சைகள். செய்முறைப் பரீட்சைக்கு அந்த நாட்டுக்கே போயாக வேண்டும். அதுவும் இல்லையென்றால் மேற்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும். நாம் எந்த வகை என்பதை அவர்களுடைய தளத்திலேயே கேள்விகளுக்குப் பதில் கொடுத்து முதலில் தெரிந்துகொள்ளலாம். இதைச் செய்யாமல் விஸாவுக்குப் பணம் கட்டுவது, பெண் பார்க்காமலே கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பது மாதிரி.

இன்னொன்று. கடந்த 5 வருஷத்தில் குறைந்தது 450 மணி நேரம் அந்தத் தொழிலில் இருந்திருக்க வேண்டும். மருத்துவச்சிப் பதிவுக்கு மருத்துவச்சி வேலையாக இருக்க வேண்டும். நர்ஸம்மாவோடு படித்த தோழி ஒருத்தி ஆறு வருஷமாக டயாலிஸிஸ் பிரிவில் இருக்கிறாள். இராத்திரி டியூட்டி கிடையாது என்று ஆசைப்பட்டுப் போனவள். அவளுக்கு இந்தக் கதவு சாத்திக் கிடக்கிறது. வெளிநாட்டு ஆசை உள்ள பெண்கள் பிரசவ வார்டை விடுவதற்கு முன் ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

சரி, இனி விஸாவுக்கு வருவோம். எண்களைக் கண்டு மலைக்காதீர்கள். நம் ரேஷன் கார்டு விவகாரத்தைவிட ஒன்றும் சிக்கலில்லை.

ஒரு வழி, நம் தகுதியைக் காட்டி நாமே போவது. 189 என்று பெயர். முதலாளியும் வேண்டாம், மாநிலமும் வேண்டாம். மதிப்பெண் இருந்தால் சர்க்கார் அழைக்கும். கிடைத்த நாளிலிருந்து நிரந்தர வசிப்புரிமை. எந்த ஊரிலும் இருக்கலாம். இன்னொரு வழி, ஒரு மாநிலம் நம்மைத் தேர்ந்தெடுப்பது. 190 என்பதும் நிரந்தரந்தான். ஆனால் வழக்கமாக முதல் 2 வருஷம் அந்த மாநிலத்தில் இருப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டும். 491 என்பது அதற்குத் தங்கை: 5 வருஷத் தற்காலிக விஸா, ‘ரீஜனல்’ பகுதியிலேயே வசிக்க வேண்டும், 3 வருஷம் கழித்து வருமான வரி நோட்டீஸ்களைக் காட்டி 191 என்ற நிரந்தர விஸாவுக்கு மனுப் போடலாம்.

‘ரீஜனல்’ என்றதும் நர்ஸம்மாவின் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கங்காருவும் செம்மண்ணும் தவிர வேறொன்றும் இருக்காது என்று நினைத்துவிட்டார். உண்மையில் ஸிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் விட்டால் மற்றதெல்லாம் இந்தக் கணக்கில் ரீஜனல்தான். அடிலெய்டு, பெர்த், ஹோபார்ட், தலைநகரமான கான்பெரா எல்லாம் இதில் அடக்கம். நடுப் பாலைவனத்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அங்கிருந்து அடிலெய்டுக்குப் போக சுமார் 1,500 கிலோமீட்டர்! ஆகையால் நியமனம் செய்கிற மாநிலம் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது வழி, முதலாளி. ஏஜெண்டு சொன்ன 482 இதில் சேர்ந்தது. 2024 டிசம்பர் 7-ஆம் தேதியிலிருந்து அதற்குப் புதுப் பெயரும் புது விதிகளும் வந்திருக்கின்றன. 1 வருஷ வேலை அனுபவம் போதும். 4 வருஷம் வரை இருக்கலாம். வயது வரம்பு கிடையாது. 2 வருஷம் வேலை பார்த்த பிறகு முதலாளி நியமனம் செய்தால் 186 என்ற நிரந்தர விஸாவுக்குப் போகலாம். வேகத்தில் இந்த வழிக்கு நிகரில்லை. ஆள் பற்றாக்குறையால் தவிக்கிற ஆஸ்பத்திரி விமானச் சீட்டுக் கூட எடுத்துக் கொடுக்கலாம். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஆசையில்லை.

ஆனால் ஒன்று கேளுங்கள். இந்த விஸாவில் கயிற்றின் மறுமுனை முதலாளி கையில் இருக்கிறது. வேலை போனால், அல்லது நாமே விட்டுவிட்டால், 180 நாளுக்குள் வேறு ஸ்பான்ஸர் தேட வேண்டும். விஸாக் காலம் முழுவதும் சேர்த்து மொத்தம் 365 நாள்தான் அப்படிச் சும்மா இருக்கலாம். 2024 ஜூன் வரையில் இது வெறும் 60 நாளாக இருந்தது, இப்போது பரவாயில்லை. இருந்தாலும், நடு வருஷத்தில் குழந்தைகளைப் பள்ளிக்கூடம் மாற்றி, வீட்டு வாடகை ஒப்பந்தத்தை முறித்து, அந்நிய ஊரில் ஸ்பான்ஸர் தேடி அலைவதை நினைத்துப் பாருங்கள். மேல் அதிகாரி முகம் கோணினால் கூட வாய் திறக்க மனம் வராது.

குடும்பச் செலவையும் பார்க்க வேண்டும். நிரந்தர விஸாக்காரர்களுக்கும் 491-காரர்களுக்கும் ‘மெடிகேர்’ என்ற சர்க்கார் வைத்திய உதவி உண்டு. இந்தியாவிலிருந்து 482-இல் போகிறவர்கள் சொந்தப் பணத்தில் வைத்திய இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். சில மாநிலங்களில் சர்க்கார் பள்ளியிலேயே 482 குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கட்டணம் கேட்பார்கள். சம்பளத்தை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ்கிறவர்கள் இவற்றையும் ஒரு பக்கம் எழுதிக்கொள்ள வேண்டும்.

வயது விஷயம் இன்னும் முக்கியம். 482-க்கு வயது வரம்பு இல்லை என்பது உண்மை. ஆனால் அது போய்ச் சேருகிற 186-க்கு உண்டு. சில விலக்குகள் போக, 45 வயது நிறைவதற்கு முன் மனுப் போட்டாக வேண்டும். நாற்பத்து மூன்றரை வயதில் போய் இறங்குகிற சகோதரி இரண்டு வருஷம் உழைத்து முடிக்கும்போது கதவு சாத்தியிருக்கும். அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரியிடம், “என்னை நேரடியாகவே 186-க்கு நியமிப்பீர்களா?” என்று முதலிலேயே கேட்க வேண்டும். 3 வருஷ அனுபவமும் திறன் மதிப்பீடும் இருந்தால் அதற்கு இடமுண்டு. சிலர் ‘முடியாது’ என்பார்கள். கேட்பதில் என்ன நஷ்டம்?

இனி நர்ஸம்மாவின் கணக்கு. செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டோம்.

வயதுக்கு: 33-லிருந்து 39 வரை 25 மதிப்பெண். நாற்பது பிறந்துவிட்டால் 15! ஒரே இராத்திரியில் பத்து மதிப்பெண் போய்விடுகிறது. அழைப்பு வருகிற தேதியில் உள்ள வயதுதான் கணக்கு. தை மாதத்துக்குள் பதிவு, மதிப்பீடு, ஆங்கிலப் பரீட்சை எல்லாம் முடியாது என்பதால் 15 என்றே எழுதினேன். நர்ஸம்மா பெருமூச்சு விட்டார். பட்டப் படிப்புக்கு 15. கடந்த 10 வருஷத்தில் 8 வருஷம் இதே தொழிலில் இருந்ததற்கு 15. இதற்கு ஆஸ்பத்திரிக் கடிதம் அவசியம். ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று ஒற்றை வரியில் வாங்கி வராமல், பிரசவ வார்டில் என்னென்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று விவரமாக எழுதி வாங்க வேண்டும். இதை மதிப்பிடுகிற அமைப்புக்கு ‘ஆன்மாக்’ என்று பெயர். ஆன்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே நர்ஸ் என்று மதிப்பீடு வாங்கிக்கொண்டு மருத்துவச்சி என்று விஸா கேட்க முடியாது.

ஆங்கிலத்துக்கு: ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில் நான்கு பகுதியிலும் 7 வாங்கினால் 10. நான்கிலும் 8 வாங்கினால் 20. இதில் ஒரு நுணுக்கம். ஆப்ராவின் பதிவுக்கு எழுத்துப் பகுதியில் 6.5 போதும் என்று 2025 மார்ச்சில் தளர்த்தியிருக்கிறார்கள். பதிவு கிடைத்ததே என்று பரீட்சையை மறந்துவிடக் கூடாது. விஸாவின் 10 மதிப்பெண்ணுக்கு எழுத்திலும் 7 வேண்டும். கணவரும் ஆங்கிலப் பரீட்சையில் நான்கிலும் 6 வாங்கிவிட்டால் இன்னும் 5. (இதைக் கேட்டதும் அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.)

ஆங்கிலப் பரீட்சை என்றதும் ஒரு பழங்கதை நினைவு வருகிறது. 1901-லிருந்து 1958 வரையில் அந்த நாட்டில் குடியேறப் போகிறவரிடம் அதிகாரி ஐம்பது சொல்லைச் சொல்லி எழுதச் சொல்வாராம். எந்த ஐரோப்பிய பாஷை என்பது அதிகாரியின் இஷ்டம்! வேண்டாதவரை விரட்ட வைத்த பரீட்சை அது. இன்றைக்கு நர்ஸம்மா தாமாக நாள் குறித்து, பென்சில் சீவிக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதலாம். காலம் கொஞ்சம் நல்லதாகத்தான் ஆகியிருக்கிறது.

மொத்தம் கூட்டினோம். 15, 15, 15, 10, கணவருக்கு 5. அறுபது. மனுவுக்குக் குறைந்தபட்சம் 65 வேண்டும்!

நர்ஸம்மா நோட்டை மூடிவிட்டார். “அதனால்தான் அந்த ஏஜெண்டு 482 என்றான்” என்றார்.

“இருங்கள், உங்களுக்குத் தமிழ் தெரியுமல்லவா?” என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை, சகோதரிகளே. ‘நாட்டி’ என்ற ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்புத் தேர்வு அமைப்பு, ஆங்கிலம் பேசுகிற ஒருவருக்கும் தமிழ் பேசுகிற ஒருவருக்கும் நடுவே இருந்து பேச்சை மாற்றிச் சொல்கிற ஒரு பரீட்சை நடத்துகிறது. தேறினால் 5 மதிப்பெண். ஆக 65. மாநிலம் நியமித்தால் 190-க்கு இன்னும் 5 சேர்ந்து 70. 491-க்கு 15 சேர்ந்து 80. 65 என்பது வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டுத்தான். அதிக மதிப்பெண்காரர்களுக்கு முதலில் அழைப்பு. அதனால் 190-க்கும் 491-க்கும் எந்தெந்த மாநிலம் மருத்துவச்சிகளைக் கேட்கிறது என்று பார்த்து முயல்வது நல்லது. ஆங்கிலத்தில் 8 எட்டினால் ஒவ்வொன்றிலும் பத்து ஏறும்.

இந்த வழிக்கும் செலவு உண்டு. 189, 190, 491 மூன்றுக்கும் 2025 ஜூலை நிலவரப்படி மனுதாரருக்கு 4,910 ஆஸ்திரேலிய டாலர். கணவருக்கு அதில் பாதி, குழந்தைக்குக் கால் பங்கு. பரீட்சை, மதிப்பீடு, வைத்தியப் பரிசோதனை எல்லாம் தனி. லேசான தொகை அல்ல. ஆனால் ரசீதோடு சர்க்காருக்குப் போகிற பணம். அதுவும் பதிவும் மதிப்பீடும் கைக்கு வந்து, அழைப்பும் வந்த பிறகுதான் கட்ட வேண்டும்.

ஏஜெண்டு கேட்ட தொகைக்கு வருகிறேன். ஸ்பான்ஸர் செய்வதற்காகப் பணம் கேட்பதும் வாங்குவதும் 2015 டிசம்பரிலிருந்து ஆஸ்திரேலியச் சட்டப்படி குற்றம். கொடுக்கிறவரும் தப்ப முடியாது. அபராதமும் உண்டு, விஸாவும் பறிபோகலாம். முதலாளி சர்க்காருக்குக் கட்ட வேண்டிய பயிற்சி வரியைத் தொழிலாளியின் தலையில் கட்டவும் கூடாது. அந்த நாட்டில் இருந்துகொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்லிக் காசு வாங்குகிறவர் வக்கீலாகவோ, பதிவு பெற்ற ஏஜெண்டாகவோ இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நர்ஸம்மாவின் ஏஜெண்டு பெயரைத் தேடினோம். இல்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நாற்பதை ஒட்டிய, மதிப்பெண் எட்டுகிற நர்ஸம்மாவுக்கு மாநில வழிதான் ஏற்றது. 189 முதலில் வந்தால் லாபம். நாணயமான ஆஸ்பத்திரி தானாகக் கூப்பிட்டால் 482-ஐயும் தள்ள வேண்டாம். போய் இறங்கிய பிறகும் 190-க்கும் 491-க்கும் முயலலாம். ஆனால் காசு கொடுத்து வாங்குகிற ஸ்பான்ஸர் வேண்டவே வேண்டாம். ஏஜெண்டு சொன்ன வெள்ளிக்கிழமை ஒரு கெடுவே அல்ல. நர்ஸம்மாவுக்கு உண்மையான கெடு நாற்பத்தைந்தாவது பிறந்த நாள். அதற்கு இன்னும் ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த மாமனார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எங்களையும் அந்த மனுவில் சேர்த்துக்கொள்ளலாமா?”

இந்தப் பதிலைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கணவனையும் குழந்தைகளையும் சேர்க்கலாம். பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் சேர்க்க முடியாது. நிரந்தரவாசியாகிச் சில வருஷம் கழிந்த பிறகு பெற்றோருக்கென்று உள்ள தற்காலிக விஸாவில் 3 அல்லது 5 வருஷத்துக்கு அழைக்கலாம். நிரந்தரமாக அழைக்க வேண்டுமானால் பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே குடியிருக்க வேண்டும். அவருக்கு மூன்று பிள்ளைகள். இரண்டு பேர் இங்கேதான்.

பெரியவர் சிறிது நேரம் விசிறிக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். மற்றதைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

வெள்ளிக்கிழமை ஏஜெண்டு மூன்று தடவை போன் செய்தானாம். நர்ஸம்மா டியூட்டியில் இருந்ததால் எடுக்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து சாயங்கால வேளையில் கையில் நோட்டோடு வருகிறார். நாட்டி பரீட்சையில் ஆஸ்பத்திரிப் பேச்சு மட்டுமல்ல, பாங்கு, கோர்ட்டு, இன்ஷூரன்ஸ் சமாசாரமும் வருமாம். பிறந்தது முதல் தமிழ் பேசுகிறவருக்குப் பாதி வார்த்தை ஆங்கிலத்தில்தான் வாயில் வருகிறது!

“மார்ட்கேஜுக்குத் தமிழ் என்னம்மா?” என்று நேற்று என்னைக் கேட்டார். நான் யோசிப்பதற்குள் எதிர்வீட்டுக் கூடத்திலிருந்து பழைய குமாஸ்தாவின் குரல் கணீரென்று வந்தது:

“அடமானம்! நோட்டிலே எழுதிக்கொள்.”